அடுக்களைப் பக்கம்: மஞ்சள் சுடர்

பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால் சிலிண்டரைக் குறை கூறுவதே நம் வழக்கம். முதலில் சுடரைக் கவனியுங்கள். மஞ்சளாக எரிந்தால், வாயுவுடன் போதிய காற்று கலக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் பால் பொங்கியோ கஞ்சி வழிந்தோ பர்னரின் துளைகள் அடைபட்டிருக்கும். அடுப்பு ஆறியபின் பர்னரைக் கழற்றிச் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவையுங்கள். மெல்லிய ஊசியால், துளை பெரிதாகிவிடாமல், அடைப்பை நீக்குங்கள். நன்கு உலர்ந்த பிறகே மாட்டவேண்டும். உள்ளிருக்கும் ஜெட்டில் கைவைக்காதீர்கள். அது மெக்கானிக்கின் வேலை.

கோவைவாசிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று, மேற்குப் பார்த்த ஜன்னலில் புகுந்து சுடரை அலைக்கழிக்கும். அதற்கு மெக்கானிக்கை அழைப்பது வீண்செலவு. அடுப்பைச் சற்று இடம் மாற்றினால் போதும். ஆனால் நெய்ச்சோற்றைத் தம்மில் வைத்து, 'சிம்'மில் விட்டுவிட்டு அப்பால் செல்வது ஆபத்து. காற்று சுடரை அணைத்துவிடும். வாயுவோ வந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு தங்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவையும் ஜன்னலையும் திறந்துவிடுங்கள். மின்விசிறி, விளக்கு எதன் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. வெளியே வந்தபின் 1906 என்ற அவசர எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

ரப்பர் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெடிப்புக் கண்டால் உடனே மாற்றுங்கள். கசிவைச் சோதிக்கச் சோப்பு நுரை போதும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருப்பதுதான் வியப்பு!