ஷெர்லாக் மறுபடி வந்தால் முதலில் ஷூவைப் பார்க்கட்டும்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 22 வருடமாக வேலை செய்கிறேன். முதல் 6 வருடம் தையல் மிஷின். அதற்குப் பிறகு இன்றுவரை செக்கிங். கன்வேயரில் வரும் ஒவ்வொரு ஜோடியையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். இடதும் வலதும் ஒரே நிறமா, தையல் எங்காவது தாண்டியிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, தோலில் கீறல் உண்டா. பார்த்துப் பார்த்து, இப்போதெல்லாம் யார் எதிரே வந்து நின்றாலும் என் கண் முதலில் அவர்கள் காலுக்குத்தான் போகிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் எனக்கு நெருக்கமானதும் அதனால்தான். அவரும் காலைப் பார்க்கிறவர்.

பிபிசி எடுத்த 'ஷெர்லாக்' தொடரைச் சொல்கிறேன். பெனடிக்ட் கம்பர்பேட்ச் ஷெர்லாக், மார்ட்டின் ஃப்ரீமன் டாக்டர் வாட்சன். பழைய கதைகளை இன்றைய லண்டனுக்கு, செல்போனும் டாக்ஸியும் இருக்கிற லண்டனுக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்டீவன் மாஃபட், மார்க் கேட்டிஸ் என்ற இருவர். அங்கே 2010 ஜூலையில் ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்கு 2012 கடைசியில் வந்தது. காட்பாடியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகன் லேப்டாப்பில் கொண்டுவந்தான். அந்த வருடத்து மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது. இரவில் கரண்ட் போனதும் கொசுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு, லேப்டாப் பேட்டரி தாங்குகிறவரை பார்ப்போம். திரையில் தமிழ் சப்டைட்டில் கிடையாது. அவன் நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொல்வான்.

முதல் சீசனின் மூன்றாவது கதையில் ஒரு ஜோடி ஷூ வருகிறது. பழைய விளையாட்டு ஷூ. ஷெர்லாக் அதைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போகிறார். லேஸ் மூன்று நான்கு தடவை மாற்றியிருக்கிறது. தேய்த்துக் கழுவி வெள்ளை பூசி வைத்திருக்கிறது, அப்படியானால் ஷூவின் மேல் உயிரையே வைத்திருந்தவன். லேஸில் விரல் படும் இடத்தில் தோல் உதிர்ந்திருக்கிறது, அவனுக்குக் கரப்பான் நோய் இருந்திருக்கிறது. உட்பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது, பாதத்தின் வளைவு பலமில்லாதவன். 1989இல் நீச்சல் குளத்தில் இறந்துபோன ஒரு பையனின் ஷூ அது. லேஸில் ஒட்டிக்கிடந்த மருந்திலிருந்துதான் அது கொலை என்று தெரியவருகிறது.

"நிறுத்துடா" என்றேன். திரும்பவும் முதலிலிருந்து போடச் சொன்னேன். புது ஷூவையே பார்த்துப் பழகிய எனக்கு, போட்டுத் தேய்ந்த ஷூ இவ்வளவு பேசும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மறுநாள் காலையில் வாசலில் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். என் அண்ணன் செருப்பில் வலது குதிகால் மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தது. முட்டி வலிக்கிறது என்று அவர் எங்களிடம் வாய் திறந்ததே இல்லை. கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒரு வருஷமா இருக்குதும்மா" என்றார்.

தோல் வேலை தெரிந்தவர்களுக்கு இந்தப் பார்வை அந்நியமானது அல்ல. கட்டிங் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஆட்டுத் தோலை வெளிச்சத்தில் விரித்தால் முள்வேலி கிழித்த இடம், உண்ணி கடித்த புள்ளி, அம்மை ஆறிய தழும்பு, கழுத்துச் சுருக்கம், வயிற்றுப் பக்கத்துத் தளர்ச்சி எல்லாவற்றையும் ஒரு பார்வையில் சொல்வார். அந்த ஆட்டின் முழு ஆயுசும் அவர் மேசையில் கிடக்கும். எந்தத் துண்டு ஷூவின் முன்பக்கத்துக்கு, எந்தத் துண்டு மறைவிடத்துக்கு என்று அதற்குப் பிறகுதான் கத்தி வைப்பார். ஷெர்லாக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

அண்ணன் மகன் பிறகு கானன் டாயிலின் மூலக் கதைகளையும் படித்துச் சொன்னான். அங்கேயும் ஷூதான். 1891இல் வந்த ஒரு கதையில், வாட்சனின் இடது ஷூவில் கிட்டத்தட்ட இணையாக ஓடும் ஆறு கீறல்களைப் பார்த்தே, சேற்றைச் சுரண்டத் தெரியாத வேலைக்காரப் பெண் அவர் வீட்டில் இருக்கிறாள் என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையில் ஓட்டல் அறை வாசலில் வைத்த புது பூட்ஸ் ஒன்று காணாமல் போகிறது. பிறகு பழைய பூட்ஸ் ஒன்று காணாமல் போகிறது, புது பூட்ஸ் திரும்பி வந்துவிடுகிறது. ஏன்? புதுத் தோலில் மனித வாசனை கிடையாது. நாய்க்கு மோப்பம் காட்ட வேண்டுமானால் போட்டு நடந்து வியர்வை இறங்கிய தோல் வேண்டும். இதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் சொன்னபோது, முடிச்சு அவிழும் முன்பே, ஷூவுக்கு அச்சில் வடிவம் கொடுக்கும் லாஸ்டிங் பிரிவுப் பெண் ஒருத்தி விடையைச் சொல்லிவிட்டாள். லண்டனில் எத்தனை பேர் அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்திருப்பார்கள்!

கானன் டாயில் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்திய சென்னை மாகாணத்துத் தோல் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாட்சனின் அந்த இடது ஷூவுக்குள் எங்கள் பக்கத்துத் தோல் இருந்திருக்கக்கூடும் என்று நினைப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ரசிகர்கள் என்றால் சென்னையிலும் லண்டனிலும் இருக்கிற படித்த பிள்ளைகள் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் கம்பெனி பஸ்ஸில் பேர்ணாம்பட்டு வழியாக வரும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஷெர்லாக் கதையை என் வாயால் கேட்டே ரசிகைகள் ஆனவர்கள். இரண்டாம் சீசன் முடிவில் ஷெர்லாக் ஆஸ்பத்திரி மாடியிலிருந்து குதிக்கிறார். எங்கள் லேப்டாப் சரியாக அந்த இடத்தில் அணைந்துபோனது. மறுநாள் இரவுதான் கடைசிக் காட்சியைப் பார்த்தோம். கல்லறைக்குப் பக்கத்தில், வாட்சனுக்குத் தெரியாமல் அவர் உயிரோடு நிற்கிறார். அந்த ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் துக்கம். அதற்குப் பிறகு ஒரு வருடம் எப்படித் தப்பித்தார் என்பதுதான் பேச்சு. "ஆள மாத்திட்டாங்கக்கா" என்பாள் ஒருத்தி. "கீழ லாரி நின்னுச்சில்ல, அதப் பாருங்க" என்பாள் இன்னொருத்தி. இங்கிலாந்துக்காரர்களும் 2012 ஜனவரியிலிருந்து 2014 ஜனவரி 1 வரை இதையேதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நான்கு சீசன், சீசனுக்கு மூன்று கதை, இடையில் 2016 புத்தாண்டுக்கு ஒரு சிறப்புக் கதை. மொத்தம் 13. கடைசிக் கதை ஒளிபரப்பானது 2017 ஜனவரி 15. அதற்குப் பிறகு இல்லை. எழுதியவர்களுக்கு ஆசை இருக்கிறது. நடிகர்கள் இருவரும் பெரிய சினிமாவுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரம்மா மிஸஸ் ஹட்சனாக நடித்த ஊனா ஸ்டப்ஸ் 2021 ஆகஸ்டில் காலமானார். அந்தம்மா டீ கொண்டுவராத பேக்கர் தெரு வீட்டை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. ஆனாலும் தொடர் மறுபடி வர வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன்.

எப்படி வர வேண்டும் என்பதில் எனக்குத் திட்டமான கருத்து உண்டு. நான்காம் சீசன் என்னை வருத்தியது. தீவுச் சிறையில் அடைத்து வைத்த ஒரு தங்கை, பேசியே எவரையும் ஆட்டிவைக்கும் சக்தி, வெடிகுண்டு, ஹெலிகாப்டர். கதை முழுக்க ஷெர்லாக்கின் குடும்பத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கதவைத் தட்டி மாடி ஏறி வந்து, என் கஷ்டம் இது என்று சொல்லும் சாதாரண மனிதர் எங்கே போனார்? முதல் கதையில் இறந்து கிடக்கும் பெண்ணின் மோதிரம் வெளியே அழுக்காகவும் உள்ளே பளபளப்பாகவும் இருப்பதைப் பார்த்து, அடிக்கடி கழற்றி மாட்டுகிறவள் என்று சொன்ன அந்தக் கண்ணுக்காகத்தான் நாங்கள் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தோம். அந்த வேலை செக்கிங்கில் இருக்கும் எனக்கும் முடியும், பஸ்ஸில் வரும் பெண்ணுக்கும் முடியும். தீவுச் சிறையில் எங்களுக்கு என்ன வேலை?

கானன் டாயிலே ஒருமுறை ஹோம்ஸைக் கொன்றவர்தான். 1893இல் அருவியில் தள்ளினார். வாசகர்கள் விடவில்லை. 1903இல் திரும்பக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு எழுதிய முப்பதுக்கும் மேற்பட்ட கதைகளில் பெரும்பாலானவை மறுபடியும் கதவைத் தட்டி வருகிறவர்களின் கதைகள்தான். மாஃபட்டும் கேட்டிஸும் அந்த வழியில் வரட்டும். நடிகர்களின் தேதியைப் பிடித்துக்கொண்டு கதையைப் பின்னால் தேடாமல், நல்ல கதை ஒன்று கையில் கிடைத்த பிறகு கூப்பிடட்டும். முடி நரைத்த ஷெர்லாக், நரைத்த வாட்சன், ஒரே ஒரு வழக்கு. போதும்.

தமிழில் இதை எடுக்கிறவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. எங்கள் வட்டாரத்து ஊர்தான் ஆரணி. நூறு வருடத்துக்கு முன்பே ஆங்கிலத் துப்பறியும் நாவல்களைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்த ஆரணி குப்புசாமி முதலியாரின் ஊர். சங்கர்லால், கணேஷ்-வசந்த், விவேக்-ரூபலா போன்ற துப்பறியும் பாத்திரங்கள் அதற்குப் பிறகு வந்தவர்கள். ராஜேஷ்குமார் நாவல் வாங்க பஸ் ஸ்டாண்டு கடையில் நான் சில்லறை சேர்த்து வைத்த காலம் உண்டு. டிவியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்ம தேசம்' வந்த நாளில் தெரு அடங்கியிருக்கும். 2022இல் 'சுழல்' இணையத் தொடரைப் பார்த்தபோது, தொழிற்சாலை இருக்கும் ஒரு சின்ன ஊர் திரையில் வந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் தினமும் அரை மணி நேரம் என்று ஆயிரம் எபிசோடுக்கு இழுக்கும் டிவியில் துப்பறியும் கதைக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. முடிவு தெரியாமல் ஆரம்பிக்கிறவர்களால் துப்பு வைக்க முடியாது.

மூன்று கதை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். முழுக்க எழுதி முடித்துவிட்டு வாணியம்பாடிக்கோ மேல்விஷாரத்துக்கோ வாருங்கள். உப்புப் போட்டு அடுக்கிய பச்சைத் தோல் குடோன் இருக்கிறது, விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் நிற்கும் இருட்டு இருக்கிறது, தண்ணீர் ஓடாத பாலாறு இருக்கிறது. துப்பறிகிறவர் போலீஸாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

போன மாதம் எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இன்னிக்கி பஸ்ஸ விட்டுட்டு ஆத்துக்குள்ள குறுக்கால நடந்து வந்தீங்களா?" என்றாள். வாருக்கும் அடிக்கும் நடுவில் மணல் ஒட்டியிருந்தது. அவளுக்கு வயது 19. ஷெர்லாக்கை இன்னும் பார்த்ததில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதல் கதையிலிருந்து போடப் போகிறேன்.