காகித யானைக்கு எடை ஏது?

ஆம்பூரில் எங்கள் தெருவில் ஒரு நாலு வயதுப் பிள்ளை, ஆயா வீட்டுப் பழைய தராசின் ஒரு தட்டில் புளியங்கொட்டையும் மறு தட்டில் கூழாங்கல்லும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. ஷூ கம்பெனியிலிருந்து வந்த அப்பா அதைப் பிடுங்கிப் பரண்மேல் வைத்தார். "வெளையாடினது போதும், போய்ப் படி." படிப்பு என்று அவர் நீட்டியது எல்கேஜி தாள். யானை, எலி, கனமானதை வட்டமிடு.

பேரணாம்பட்டு முதல் ராணிப்பேட்டை வரை வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். பென்சிலைப் பிடித்தால் படிப்பாம், பொருளைப் பிடித்தால் விளையாட்டாம். காகிதத்தில் யானைக்கு ஏது எடை? பெரிய படத்தை வட்டமிட்டுப் பழகும் பிள்ளை, பெரிசெல்லாம் கனம் என்று நம்பும். ஊதிய பலூனையும் எலுமிச்சம்பழத்தையும் ஒருமுறை கையில் கொடுத்தால் அந்த நம்பிக்கை அங்கேயே உடையும்.

நம் தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவரைப் பாருங்கள். தோலின் ஓரத்தை இரண்டு விரலால் நிமிண்டி 1.2 மில்லிமீட்டரா 1.4-ஆ என்று சொல்லிவிடுவார். எந்தத் தாளில் வட்டமிட்டு அதைக் கற்றார்? ஒரே சதுர அடி உள்ள இரண்டு தோல் ஒரே எடை இருக்காது என்பது அவர் கைக்குத் தெரியும். ஊரே அந்த விரல்களை நம்பிச் சோறு தின்கிறது. ஆனால் பெற்ற பிள்ளையின் விரலுக்குப் பென்சில் மட்டும் போதும் என்கிறது!

எடை மட்டுமல்ல, அளவும் அப்படித்தான். அகலக் குவளைத் தண்ணீரை ஒடுக்கமான குவளைக்கு மாற்றினால், தண்ணீர் கூடிவிட்டது என்றே நாலைந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வார்கள். குழந்தை உளவியல் அறிஞர் ழான் பியாஜே காட்டியது இது. அதட்டினால் அது மாறாது. அவர்களே ஊற்றி ஊற்றிப் பார்க்க வேண்டும். வீட்டில் ஊற்றினால் "தரையை நனைக்காதே" என்று அடி.

1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த கல்வியாளர் மரியா மாண்டிசோரி, ஒரே அளவில் வெவ்வேறு எடையுள்ள மரப்பலகைகளைப் பிள்ளைகளின் கண்ணைக் கட்டிக் கையில் கொடுத்தவர். இன்று அவர் பெயரை வாசலில் எழுதிக் கட்டணம் வாங்கும் எத்தனை பள்ளிகளில் அந்தப் பலகை இருக்கிறது? நாலு வயதுக்கு டியூஷன் வேறு! மணலும் தண்ணீரும் கொடுத்து விளையாடவிடும் அங்கன்வாடியை மட்டும் 'சோறு போடுற எடம்' என்று இளக்காரம் பேசுகிறோம். ஒரு தராசும் நாலு படிக்கற்களும் அங்கே வாங்கிக் கொடுக்க எவருக்கும் மனம் வரவில்லை.

தாளில் வட்டமிட்டே வளர்ந்தவர்கள் இப்போது சந்தையில் நிற்கிறார்கள். எலக்ட்ரானிக் தராசின் எண் கடைக்காரர் பக்கம் திரும்பியிருக்கிறது. அதை இப்படித் திருப்பச் சொல்லப் பட்டதாரிக்கும் வாய் வருவதில்லை. அரைக் கிலோ தக்காளி கையில் எவ்வளவு கனக்கும் என்றே தெரியாதவர் எதை வைத்துச் சண்டை போடுவார்?