எவ்வளவு என்ற ஒரு சொல்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு அரசு குமாஸ்தா ஆனவன் நான். ஒருமுறை வேறொரு துறைக்கான கடித டிராஃப்டில், பயிற்சியில் 'ஹவ் மச் இன்ட்ரெஸ்டட்' என்று கேட்டிருந்தேன். மேலதிகாரி 'மச்'சைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, எல்லோர் முன்னும் படித்துச் சிரித்தார். காரணம் சொல்லவில்லை.

காரணம் எளிதுதான். இன்ட்ரெஸ்டட், டயர்ட் எல்லாம் வினையில் பிறந்தாலும் இன்று முழுப் பெயரடைகள். 'வெரி டயர்ட்' என்கிறோம் அல்லவா? அப்படியானால் கேள்விக்கு 'ஹவ் டயர்ட்' போதும். 'அட்மயர்ட்' போல வினைத்தன்மை மிஞ்சியிருந்தால்தான் 'மச்' வரும்: 'ஹவ் மச் இஸ் ஹி அட்மயர்ட்?'

பிரெஞ்சிலும் பெயரடைக்கு 'த்ரே', வினைக்கு 'போகூ'. பள்ளியிலேயே படித்த கணக்குதான்! கேள்வியென்று வந்ததும், இரண்டுக்கும் பொதுவான நம் 'எவ்வளவு' முந்திக்கொண்டது.

பிழையைத் திருத்துகிறவர், எதிரில் இருப்பவனுக்குத் தெரிந்த மொழியிலிருந்து வழி காட்ட வேண்டும் என்பேன். வட்டத்துக்குப் பக்கத்தில் அன்று ஒரு வரி எழுதியிருந்தால், ஓய்வு பெறும்வரை ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூசியிருக்க மாட்டேன்.