தௌபாவின் வாசலில் தூக்குக் கயிறு

புங்குடுதீவு மாணவியின் பெயரால் தூக்குக் கயிறு கேட்போரில் நம்மவர்களும் இருக்கிறார்கள். "ஷரீஆ இருந்திருந்தால் ஒரே வெள்ளிக்கிழமையில் முடிந்திருக்கும்" என்று இலக்கியச் சந்திப்பொன்றில் நண்பரொருவர் சொன்னார். சபை தலையாட்டியது. அந்தத் தலையாட்டலோடுதான் எனக்கு வழக்கு.

2015 மே 13 அன்று பாடசாலைக்குப் புறப்பட்ட அப்பிள்ளை கூட்டாக வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டாள். மே 20 இல் யாழ்ப்பாண நீதிமன்றத் தொகுதி கல்லெறிக்குள்ளானது. 2017 செப்டெம்பர் 27 இல் மூன்று நீதிபதிகள் அமர்ந்த ட்ரயல் அட் பார் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்து, இருவரை விடுவித்தது. 1976 க்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆகவே மரண தண்டனை என்பது இங்கு நடைமுறையில் நீண்ட சிறைவாசமே. அது போதாது என்பதுதான் கயிறு கேட்போரின் ஆதங்கம்.

அவர்கள் ஒரே மூச்சில் இரண்டு வசனங்கள் சொல்கிறார்கள். ஒன்று: 'அவன் அறிந்து, விரும்பிச் செய்தான்.' மற்றது: 'அவன் ஒருநாளும் திருந்தமாட்டான்.' முதலாவதை நான் ஏற்கிறேன். அதை ஏற்றவர் இரண்டாவதை எப்படிச் சொல்லலாம்? தீமையைத் தெரிவு செய்யச் சுதந்திரமுள்ளவன் அதிலிருந்து மீளவும் சுதந்திரமுள்ளவனே. மீளவே முடியாதவன் என்றால் அவன் காற்றில் அலையும் சருகு. சருகைத் தூக்கிலிடுவதில் என்ன நீதி? மனிதனுக்குத் தெரிவே இல்லை என்ற ஜபரிய்யாக்களை நம் முன்னோர் மறுத்தார்கள். இன்று தூக்குமேடைக்கு ஆள் சேர்ப்போர் தம்மையறியாமலே ஜபரிய்யாக்களாகிறார்கள்.

மறுபக்கத்தாரையும் விடுவதற்கில்லை. யுத்தமும் இடம்பெயர்வும் பாழ்வீடுகளும்தான் குற்றவாளிகள் என்கிறார்கள் நமது முற்போக்கு நண்பர்கள். வேலணையிலிருந்து போகும் தாம்போதியில் சைக்கிள் மிதித்து, அதே பாழ்வீடுகளைக் கடந்து வேலைக்குப் போகும் தீவக இளைஞர் எத்தனையோ பேர் எவர் மீதும் கைவைத்ததில்லை. அவர்களின் நேர்மையும் சூழலின் விளைச்சல்தானா?

களவெடுத்துவிட்டு 'அல்லாஹ்வின் கத்ர்' என்றவனிடம், 'உன்னைத் தண்டிப்பதும் அல்லாஹ்வின் கத்ர்தான்' என்று உமர் (ரலி) சொன்னதாக ஓர் அறிவிப்புண்டு. மேடைகளில் இதை விரும்பிச் சொல்கிறோம். அதே உமர் பஞ்ச காலத்தில் களவுக்குரிய தண்டனையை நிறுத்திவைத்ததை எத்தனை மேடைகளில் சொல்கிறோம்? தெரிவையும் பார்த்தார், தெரிவு செய்தவன் நின்ற இடத்தையும் பார்த்தார்.

நூறு கொலை செய்தவனின் ஹதீஸும் இதையே சொல்கிறது. தௌபாவின் கதவு திறந்திருக்கிறது என்ற ஆலிம், கெட்ட ஊரை விட்டு நல்லோர் வாழும் ஊருக்குப் போகவும் சொன்னார். நடந்து போனது அவனது நாட்டம். போய்ச்சேர ஓர் ஊரும் வேண்டியிருந்தது. நாம் அனுப்பும் ஊர் எது? 2012 இல் 27 பேர் கொல்லப்பட்ட வெலிக்கடை. 2020 இல் 11 பேர் மாண்ட மஹர.

திருந்தினாலும் உயிருக்கு உயிர் கொடுத்தாக வேண்டாமா என்று கேட்கலாம். கிஸாஸே மன்னிக்கும் உரிமையைக் கொல்லப்பட்டவரின் உறவினரிடம் வைத்திருக்கிறது. அரசிடம் வைத்தால் என்னவாகும் என்பதை மிருசுவில் காட்டிற்று. 2000 டிசம்பரில் எட்டுப் பொதுமக்களைக் கொன்ற வழக்கில் 2015 இல் மரண தண்டனை பெற்ற இராணுவத்தினர், 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். உறவினர்கள் அதை எதிர்த்து நீதிமன்றப் படியேறினார்கள். பேனா முனையில் வரும் விடுதலையை நான் புனர்வாழ்வு என்று சொல்லமாட்டேன். கயிறு கேட்போர் கயிற்றையும் இதே கைகளில்தான் கொடுக்கப்போகிறார்கள். புங்குடுதீவு வழக்கிலேயே பிரதான சந்தேகநபரைத் தப்பவிட்டதாக உயர் பொலிஸ் அதிகாரியொருவர் 2017 இல் கைதானதை மறந்துவிட்டோமா?

மூதூர் ரிசானா நபீக்கையும் மறந்துவிட்டோமா? கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளை, 17 வயதில் நடந்த ஒரு குழந்தையின் மரணத்துக்காக 2013 ஜனவரி 9 அன்று சவூதியில் சிரச்சேதம் செய்யப்பட்டாள். அன்று நம் பக்கங்கள் கண்ணீரால் நனைந்தன. இரண்டு வருடத்தில் அதே பக்கங்களில் கயிறு கேட்டோம். 1990 ஒக்டோபரில் யார் என்ன செய்தார் என்று எவரும் விசாரியாமலே வடக்கிலிருந்து துரத்தப்பட்ட சமூகம் நாம். விசாரணையில் அவசரம் வேண்டாம் என்று சொல்ல நம்மைவிடக் கடமைப்பட்டவர் யார்?

அந்த எழுவரையும் திறந்துவிடச் சொல்லவில்லை. அடைத்து வையுங்கள், ஆண்டுக்கணக்கில். உள்ளே வேலையும் கல்வியும் கொடுங்கள். செய்ததை ஒவ்வொரு நாளும் முகங்கொடுத்துப் பார்க்க வையுங்கள். திருந்துவார்களா என்பது எனக்குத் தெரியாது. திருந்தமாட்டார்கள் என்பது அந்த நண்பருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?