முகமூடியும் முகமும்



"ஓவிய வகுப்பில் முகமூடி செய்யப்போகிறோம், மாவுக்கட்டுத் துணி வாங்கி வரச் சொன்னார்கள்" என்று உங்கள் பிள்ளை ஒருநாள் வந்து சொல்லக்கூடும். கரோல் பாக்கில் வாழும் நம் பிள்ளைகளுக்கு, பூசா சாலையிலுள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியானாலும் வேறு பள்ளியானாலும், கைத்தொழில் வகுப்பு என்பது பாடத்தின் ஒரு பகுதியே. அப்பொழுது உங்கள் உள்ளத்தில் இரண்டு கேள்விகள் எழும். இது பிள்ளைக்குப் பாதுகாப்பானதா? விசுவாசிகளின் பிள்ளைகள் செய்யத்தக்கதா?

முதற்கேள்வியை முதலில் பார்ப்போம். மாவுக்கட்டுக்கு உதவும் மாவு, ராஜஸ்தானில் மிகுதியாய்க் கிடைக்கும் ஜிப்சம் என்னும் கல்லிலிருந்து வருகிறது. அக்கல்லை ஏறக்குறைய 150 டிகிரி வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு வெளியேறிவிடும். மறுபடியும் நீரைச் சேர்த்தால் மாவு அந்நீரைத் தன்னுள் இழுத்துக்கொண்டு திரும்பவும் கல்லாகிறது. அப்படி இறுகும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. டெல்லியில் வீட்டுக் கூரை அலங்காரத்துக்குப் பயன்படும் பி.ஓ.பி. என்பதும் இதுவே.

மெல்லிய துணிப்பட்டைகளை நனைத்து, மூன்று நான்கு அடுக்காக முகத்தின்மேல் ஒட்டும்போது அவ்வெப்பம் இளஞ்சூடாகவே இருக்கும். ஆனால் வெறும் மாவைக் குழைத்து அதில் கையையோ முகத்தையோ புதைப்பது பேராபத்து. 2007-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதிப் பள்ளியொன்றில், ஓவிய வகுப்பில் தன் கைகளின் வார்ப்பை எடுக்க முயன்ற 16 வயது மாணவி ஒருத்தி கடுமையாய் வெந்து, தன் விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். இறுகிய மாவிலிருந்து கைகளை எடுக்க முடியாமற்போனதே காரணம்.

ஆகையால், ஆசிரியரிடம் பணிவாய்க் கேளுங்கள்: துணிப்பட்டையா, வெறும் மாவா? புருவத்திலும் தலைமயிரின் ஓரத்திலும் வாசலின் தடவுவார்களா? மூக்குத் துவாரங்களும் கண்களும் திறந்திருக்குமா? ஆஸ்துமா உள்ள பிள்ளையும், பயப்படுகிற பிள்ளையும் தன் முகத்துக்குப் பதிலாய் ஒரு கிண்ணத்தின்மேல் முகமூடி செய்ய அனுமதி கேளுங்கள். எஞ்சிய கரைசலைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றலாகாது, உள்ளே கல்லாகிவிடும்.

இனி இரண்டாம் கேள்வி. வணங்குவதற்கென்று உருவம் செய்வதையே கட்டளை தடுக்கிறது. கைவேலையையோ வேதம் கனப்படுத்துகிறது. யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில், விசித்திர வேலைகளைச் செய்யும்படி தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் பெசலெயேல். ஆவியின் நிறைவை நாடுகிற நாம், பிள்ளையின் விரல்களிலுள்ள திறமையும் அவர் தந்ததே என்பதை மறக்கலாகாது.

இக்கலை இரக்கத்தின் கருவியானதும் உண்டு. முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக, அன்னா கோல்மன் லாட் என்ற அமெரிக்கச் சிற்பி, செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவோடு 1918-இல் பாரிஸ் நகரில் ஒரு கூடம் நடத்தினார். வீரனின் முகத்தை இந்த மாவில் வார்த்தெடுத்து, அதைக்கொண்டு மெல்லிய செப்புத் தகட்டில் முகமூடி செய்து, அவனுடைய தோலின் நிறத்துக்கு ஒப்பாய் வண்ணம் தீட்டினார். தெருவில் நடக்கக் கூசிய மனிதர் பலர் அதை அணிந்து மனிதர் நடுவே மீண்டும் வந்தார்கள்.

அருமையான பெற்றோரே, கவலைக்குரிய முகமூடி மாவினால் ஆனதல்ல. மத்தேயு 23-இல் ஆண்டவர் மாயக்காரர் என்று கடிந்துகொண்டபோது, அதற்கு மூலமொழியில் உள்ள சொல் மேடை நடிகனைக் குறித்து வழங்கியது. அக்காலத்து நடிகர்கள் முகமூடி அணிந்தே நடித்தார்கள். யெரொபெயாமின் மனைவி வேஷம் மாறி அகியா தீர்க்கதரிசியிடம் போனாள் (1 இராஜாக்கள் 14). பார்வை மங்கிய அக்கிழவனுக்கு அவள் யாரென்று கர்த்தர் முன்னமே அறிவித்திருந்தார். அவள் போனது தன் நோயுற்ற பிள்ளைக்காக! கண்ணீரோடு போக வேண்டியவள் வேஷத்தோடு போனாள்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? வேலை போனதை மறைக்கும் தகப்பன் ஊருக்குத் தொலைபேசியில் சிரித்துப் பேசுகிறான். வாடகை பாக்கியிருக்கும் தாய் ஆராதனையில் குறைவொன்றும் இல்லாதவளாய் நிற்கிறாள். பிள்ளையோ, தன் இந்தியைக் கேட்டு வகுப்பினர் நகைத்ததை விழுங்கிக்கொண்டு, எல்லாம் நலமே என்கிறான். பெரியவர்கள் கழற்றாத முகமூடியைப் பிள்ளைகள் கழற்றமாட்டார்கள்.

எனவே, உங்கள் பிள்ளை அந்த முகமூடியை வீட்டிற்குக் கொண்டுவரும் நாளில் அதை மூலையில் போட்டுவிடாதிருங்கள். அதன் உட்புறத்தைக் காட்டி, "வெளியில் வண்ணம் தீட்டினாய், உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படாதிருங்கள். முதலாவது உங்கள் உள்ளத்திலுள்ள ஒரு பாரத்தைப் பிள்ளைக்குத் தக்க அளவில் சொல்லுங்கள். பின்பு குடும்ப ஜெபத்தில் அதைப் பேர்சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுங்கள். முகத்தையல்ல, இருதயத்தைப் பார்க்கிறவரிடத்தில் நாம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மறைக்க அவசியமும் இல்லை.

திறந்த முகத்தோடு அவரை நோக்குகிறவர்களை ஆவியானவர் மகிமையின்மேல் மகிமையடையச் செய்வார். அப்படிப்பட்ட இல்லமாய்க் கர்த்தர்தாமே உங்கள் இல்லத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.