மதுரை மேல மாசி வீதி: கடல் கடந்த மண்டபமும் கதர்க் கடை மாடியும்

மதுரை ரயில் நிலையத்தில் இறங்கி, கோபுரத்தைப் பார்த்துக் கிழக்கே நடப்பவர்கள் முதலில் மேல வெளி வீதியைக் கடக்கிறார்கள். அடுத்து மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி. மூன்றாவதாக வருவது மேல மாசி வீதி. முதல் இரண்டுக்கும் இன்னும் இருநூறு வயது ஆகவில்லை. மூன்றாவது வீதியோ நாயக்க மன்னர்கள் தேரோட்டிய வீதி. ஆனாலும் வெளியூர்க்காரர்கள் அங்கே நிற்பதில்லை. மீனாட்சியைத் தரிசிக்கும் அவசரம் அவர்களுக்கு!

அவசரத்தைச் சற்றே ஒதுக்கிவிட்டு, ஒரு மணி நேரம் நடந்து பார்க்க வேண்டிய வீதி அது.

மாதத்தின் பெயரில் வீதி

மீனாட்சி கோயிலைச் சுற்றி, ஒன்றுக்கு வெளியே ஒன்றாகச் சதுரம் சதுரமாய் வீதிகள் அமைந்திருக்கின்றன. ஆடி வீதி மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி. எந்த மாதத்துத் திருவிழாவில் சாமி எந்த வீதியில் உலா வந்ததோ, அந்த மாதத்தின் பெயர் அந்த வீதிக்கு.

அப்படியானால் சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? மதுரைக் குழந்தைகள் வீட்டில் கேட்கும் கேள்வி இது. பெரியவர்கள் சொல்லும் பதில்: முன்பு தேர்த் திருவிழா மாசியில்தான் நடந்தது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்து வைத்தார். திருவிழாவின் மாதம் மாறியது. தேர் போகும் பாதையும் வீதியின் பெயரும் மாறவில்லை.

வெளி வீதிகளின் கதை வேறு. அங்கே கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அந்த வேலையை மேற்பார்த்த மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகிய இருவர் பெயரையும் இன்றும் தெருக்கள் தாங்கி நிற்கின்றன. மன்னர்கள் பலருக்குக் கிடைக்காத பேறு ஒரு மேஸ்திரிக்குக் கிடைத்தது!

முதுகைக் காட்டும் லிங்கம்

மேல மாசி வீதியில் இம்மையில் நன்மை தருவார் கோயில் இருக்கிறது. மறுமையில் கிடைக்கும் பலனைப் பற்றிப் பேசாமல், இந்தப் பிறவியிலேயே நன்மை தருகிறேன் என்று பெயரிலேயே வாக்குக் கொடுக்கும் சாமி! சுந்தரேசுவரராக மதுரையை ஆளப் பொறுப்பேற்கும் முன், சிவபெருமானே இங்கே லிங்கத்தைப் பூஜித்தார் என்பது ஐதீகம். பூஜை செய்பவர் அந்தப் பக்கம் அமர்ந்திருப்பதால், இந்தப் பக்கம் நிற்கும் பக்தர்கள் லிங்கத்தின் பின்புறத்தையே தரிசிக்கிறார்கள்.

இதே வீதியில் மதனகோபாலசுவாமி கோயிலும் இருக்கிறது. பூஜை குறைவின்றி நடக்கும் கோயில். ஆனால், அதன் மண்டபம் ஒன்றைக் காண வேண்டுமானால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும்.

மண்டபம் கப்பலேறியது

1912-ம் ஆண்டு. அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி சுற்றுப்பயணமாக மதுரைக்கு வந்தார். மதனகோபாலசுவாமி கோயில் வளாகத்தில் கற்கள் குவியலாகக் கிடந்தன. அவை சாதாரணக் கற்கள் அல்ல. பதினாறாம் நூற்றாண்டு மண்டபத்தின் தூண்கள்! ஆளுயரத்துக்குச் செதுக்கிய சிற்பங்கள்! அறுபதுக்கும் மேற்பட்ட அந்தக் கற்களை அவர் விலைக்கு வாங்கினார். கப்பலேற்றித் தம் ஊரான பிலடெல்பியாவுக்கு அனுப்பினார்.

1919-ல் அவர் காலமானார். குடும்பத்தார் அந்தக் கற்களைப் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஒரு பெரிய கூடத்துக்குள் தூணைத் தூணாக நிறுத்தி, மண்டபமாகவே அமைத்திருக்கிறார்கள். மதுரைச் சிற்பியின் உளி பட்ட கல்லை, பனி கொட்டும் ஊரில் கம்பளிச் சட்டை அணிந்தவர்கள் வியந்து பார்க்கிறார்கள்.

வாங்கிப் போன அம்மையார் மீது கோபப்படுவது எளிது. ஆனால் அவர் மண்டபத்தை இடிக்கவில்லை. இடிந்து கிடந்ததைத்தான் வாங்கினார். தேர் வரும் வீதியில், தினமும் மணியடித்துப் பூஜை நடக்கும் கோயிலில், சிற்பத் தூண்கள் குவியலாகக் கிடந்தபோது, அவற்றை எடுத்து நிறுத்த ஊரில் ஒருவரும் முன்வரவில்லையே! விலை பேசிய அன்றாவது யாராவது தடுத்தார்களா? சுடும் கேள்விதான். ஆனால் கேட்டே ஆக வேண்டும்.

மாடியில் ஒரு முடிவு

மண்டபம் போய் ஒன்பது ஆண்டுகள் கழித்து, இதே வீதிக்கு ஒரு விருந்தாளி வந்தார். 1921 செப்டம்பர் மாதம். மகாத்மா காந்தி ஒரு வீட்டின் மாடியில் தங்கினார்.

அந்நியத் துணியை விட்டுவிடுங்கள் என்று அவர் ஊர் ஊராகச் சொல்லி வந்த காலம் அது. கதர் வாங்கக் காசில்லையே என்று ஏழைகள் பதில் சொன்னார்கள். அப்படியானால் ஒரு முழத்துண்டு போதும் என்று அவர்களுக்குச் சொல்லலாம். ஆனால் சட்டையும் தொப்பியும் அணிந்த ஒருவர் அதை எப்படிச் சொல்வது? உடனிருந்த நண்பர்கள் சிலர் தயங்கினார்கள். காந்தி தயங்கவில்லை. செப்டம்பர் 22-ந் தேதி இரவு முடிவு செய்தார். மேலாடை போயிற்று. அரையில் ஒரு துண்டு மட்டும் நின்றது.

அக்டோபர் 31 வரையிலாவது இப்படி இருப்பேன் என்றுதான் முதலில் அறிவித்தார். ஆனால் கடைசி மூச்சு வரை அதுவே அவருடைய உடை. 1931-ல் லண்டன் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோதும் அதே கோலம்தான்! 1948-ல் அவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த, இரத்தக் கறை படிந்த துணி, மதுரைத் தமுக்கத்தில் 1959-ல் திறக்கப்பட்ட காந்தி மியூசியத்தில் இருக்கிறது. அந்த உடையின் தொடக்கமும் முடிவும் ஒரே ஊரில்!

அந்த வீடு இடிபடவில்லை. கீழே கதர்க் கடை, மாடியில் காந்தியின் நினைவிடம் என்று காப்பாற்றி வைத்தார்கள். காப்பவர்கள் இருந்ததால் மாடி மிஞ்சியது. இல்லாததால் மண்டபம் போயிற்று. இரண்டும் ஒரே வீதியில் நடந்தவை.

இனிச் செய்ய வேண்டியது

மாசி வீதிகளில் பழைய வீடுகள் போய் அடுக்குமாடிக் கடைகள் எழுகின்றன. வியாபாரம் நடக்கட்டும், அதுதான் மதுரையின் உயிர். ஆனால் ஒரு பழைய திண்ணைத் தூண், ஒரு தேக்குக் கதவு, ஒரு கல்வெட்டுத் துண்டு இடிபாட்டோடு லாரியில் ஏறும்போது, அது என்னவென்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? மாநகராட்சியும் அறநிலையத் துறையும் முதலில் இந்த நான்கு மாசி வீதிகளையாவது வீடு வீடாக, கோயில் கோயிலாகப் பார்த்து, பழைய பொருள்களுக்கு ஒரு பதிவேடு எழுதலாம். கோயில்களின் பின்புறத்தில் சாய்த்து வைத்திருக்கும் கற்களையும் அதில் எண்ணிச் சேர்க்க வேண்டும்.

மதனகோபாலசுவாமி கோயில் வாசலில், மண்டபம் எந்த ஆண்டு எந்த ஊருக்குப் போனது என்பதைப் பெரிய தமிழ் எழுத்தில், எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். தேர் பார்க்க வரும் கூட்டம் அங்கே நின்றுதான் வடம் வருவதை எதிர்பார்க்கும். காத்திருக்கும் நேரத்தில் நாலு பேர் படிப்பார்கள்.