குழந்தைக்கு எதற்கு வருமானச் சான்றிதழ்?

காரங்காடு என்றால் இப்போது எல்லோருக்கும் ஞாபகம் வருவது அலையாத்திக் காடும், வனத்துறையின் படகுச் சவாரியும்தான். ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரம் பக்கமிருந்தும் மதுரை பக்கமிருந்தும் வருகிறார்கள், படகில் ஒரு சுற்று போகிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதே கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய், "அண்ணே, உங்க வருஷ வருமானம் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். நேற்று நண்டு கிடைத்தது, இன்று காற்று, நாளை கடலுக்குத்தான் தெரியும். இதில் வருஷக் கணக்கை எங்கே போய்ச் சொல்வது?

ஆனால் அரசாங்கம் இதே கேள்வியைச் சீரியஸாகக் கேட்கிறது. அதுவும் அவருடைய பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது!

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத்தான் சொல்வது. இதன் அட்டை வாங்க ரேஷன் கார்டும் ஆதாரும் மட்டும் போதாது, வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்றும் வேண்டும். (2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்த பிறகு, 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் உள்ள குடும்பங்களும் உள்ளே வந்தன. பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்களுக்கு வி.ஏ.ஓ.தான் வாசல்.) அந்தச் சான்றில் இருக்கும் ஒரே ஒரு எண், ஒரு குழந்தையின் இதய ஆபரேஷனைத் தீர்மானிக்கிறது.

அந்த எண்ணின் கதையைப் பார்ப்போம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய். ஆட்சி மாறியது, 2012-ல் திட்டத்தின் பெயரும் மாறியது. வரம்பு மட்டும் மாறவில்லை. 2022-ல் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோதுதான் 1,20,000 ஆனது. பன்னிரண்டு வருஷம் டீ விலை, டீசல் விலை, வலை விலை எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. "ஏழை" என்பதன் விலை மட்டும் அப்படியே நின்றது.

சரி, 1,20,000 பெரிய தொகையா? 365-ஆல் வகுத்துப் பாருங்கள். மொத்தக் குடும்பத்துக்கும் ஒரு நாளைக்கு 329 ரூபாய். 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழகத்தில் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அரசே நிர்ணயித்த அந்தக் கூலியை ஒரே ஒருவர் வருஷம் முழுக்க லீவே இல்லாமல் வாங்கினால் 1,22,640 ரூபாய் வரும். அவ்வளவுதான், அந்தக் குடும்பம் வரம்பைத் தாண்டிவிட்டது!

இன்னொரு பக்கம் பாருங்கள். 2019-ல் வந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் இட ஒதுக்கீட்டில் எட்டு லட்சத்துக்குக் கீழே வருமானம் இருந்தால் நலிந்தவர். 2025 மத்திய பட்ஜெட்டில், புதிய வரி முறையில் பன்னிரண்டு லட்சம் வரை வருமான வரியே கிடையாது. வரி கட்டப் பன்னிரண்டு லட்சம் போதாது, ஆனால் பிள்ளையின் ஆபரேஷனுக்கு ஒன்றே கால் லட்சம் அதிகம். இது என்ன நியாயம்?

இப்போது வி.ஏ.ஓ.வின் நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். பாவம் அவர். பட்டா, அடங்கல், புயல் நிவாரணம், தேர்தல் வேலை என்று ஆயிரம் வேலைகளுக்கு நடுவில் இதையும் பார்க்க வேண்டும். எதிரில் நிற்பவரிடம் சம்பளச் சீட்டு கிடையாது, கணக்குப் புத்தகம் கிடையாது. மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், வலை பழுது, கூட வந்தவர்களின் பங்கு, வியாபாரியிடம் வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் கழிய வேண்டும். வரவு வேறு, வருமானம் வேறு என்பது பி.காம். முதலாண்டு மாணவனுக்குக்கூடத் தெரியும். ஆனால் கழித்துக் காட்ட ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டாமா? அதனால் வி.ஏ.ஓ. ஊகிக்கிறார். 96,000 என்று எழுதினால் அட்டை உண்டு, 1,30,000 என்று எழுதினால் இல்லை. இரண்டுமே ஊகம்தான். இரக்கப்பட்டால் பொய் எழுதியவர் ஆகிறார், கறாராக இருந்தால் பாவத்தைச் சுமக்கிறார். இப்படி ஊகத்தில் ஓடும் இடத்தில் சிபாரிசும் "கவனிப்பும்" தானாக வந்து உட்காரும். ஆளை மாற்றினால் இது தீராது, கேள்வியையே எடுக்க வேண்டும்.

"அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, அட்டை எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ராமநாதபுரத்திலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் பிறவி இதயக் கோளாறு, காது கேளாத பிள்ளைக்குக் காக்ளியர் கருவி போன்ற சிகிச்சைகள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. நேரமும் முக்கியம். பேச்சு பழகும் வயது தாண்டிய பிறகு கருவி வைத்தால் பலன் குறைவு. தாலுகா ஆபீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அலைவதில் போகும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தைகள்.

"அப்படியென்றால் பணக்காரன் பிள்ளையும் வந்துவிடுமே?" வரட்டுமே! 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது தட்டை நீட்டிய பிள்ளையிடம் வருமானச் சான்று கேட்கவில்லை. நம்மூர் ரேஷன் கடை அரிசியும் அப்படித்தான். பணக்காரர்கள் தானாக ஒதுங்கிக்கொண்டார்கள், திட்டம் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. காப்பீடு என்பதே நோயில்லாத பலரின் பங்கில் நோயுள்ள சிலரைக் காப்பதுதான். பெரிய ஆபரேஷன் தேவைப்படும் குழந்தைகள் எண்ணிக்கையில் குறைவு. எல்லாக் குழந்தைகளையும் சேர்ப்பது அரசுக்குத் தாங்காத செலவு ஆகிவிடாது.

வரம்பே இல்லாமல் தர முடியாது என்றும் சொல்ல முடியாது. இதே மாவட்டத்தில் மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இதே திட்டத்தில் வருமான வரம்பு கிடையாது. மிகச் சரியான முடிவு. 2024 அக்டோபரில் மத்திய அரசு, 70 வயது தாண்டிய அனைவருக்கும் வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியது. அதுவும் சரியே. எழுபது வயதில் பார்க்காத வருமானத்தை ஏழு வயதில் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? ஓட்டு இல்லை என்பதாலா?

கேட்பது ரொம்பப் பெரிய விஷயமில்லை. பதினெட்டு வயது வரை எந்தக் குழந்தைக்கும் வருமானச் சான்று வேண்டாம், பிறப்புச் சான்றிதழ் போதும் என்று ஒரே ஒரு அரசாணை. வி.ஏ.ஓ.வுக்கும் ஒரு பொய் மிச்சம். கரையில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரும் வலையை அப்படியே போட்டுவிட்டுக் கையெழுத்துக்கு ஓட வேண்டாம், நேராகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.